அக்கரை கண்ட பன்னிரண்டு பேர்

சிமுல்காட் ஆசிரமத்தின் வாசலில் ஒரு பளிங்குக் கல் பதித்திருந்தார்கள். கேயாபாபா சொன்ன ஒரு வரி அதில் செதுக்கப்பட்டிருந்தது: 'படகில் ஏறாதவன் அக்கரையைப் பற்றிப் பேச வேண்டாம்.' அதற்குக் கீழே, அந்த வரியைவிட இரண்டு மடங்கு பெரிய எழுத்தில், கல்லை வாங்கிக் கொடுத்த சணல் தரகரின் பெயர், அவர் அப்பாவின் பெயர், கொல்கத்தாவில் அவர் கடை இருக்கும் தெருவின் பெயர் எல்லாம் இருந்தன. தரகர் கடைக்கு வழி சொல்லத்தான் பாபா அந்த வரியைச் சொன்னாரோ என்று அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஆசிரமத்துச் சமையல்காரி பங்கஜினிக்குத் தோன்றும்.

பாபா உயிரோடு இருந்தபோது அங்கே கல்லும் இல்லை, ஆசிரமமும் இல்லை. துறையில் ஒரு படகு, கரையில் ஒரு தகரக் கொட்டகை. கேயா என்றால் ஓடம்; பாபா ஓடக்காரர்தான். ஆட்களை ஏற்றிக்கொண்டு போவார், இறக்கிவிட்டுத் திரும்புவார். நடு ஆற்றில் யாராவது கடவுளைப் பற்றிக் கேட்டால் துடுப்பை நிறுத்தாமல் பதில் சொல்வார். போதனை ரொம்பச் சின்னது. கேட்டதைச் சொல்லாதே, படித்ததைச் சொல்லாதே. பார்த்திருந்தால் சொல். பார்க்காவிட்டால் வாயை மூடிக்கொண்டு தேடு. அவ்வளவுதான். அவர் போய்ப் பதினான்கு வருடம் ஆகிறது.

இப்போது அந்தப் போதனையைக் கவனித்துக்கொள்ள அனுபூதி சபை என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் பபதோஷ் பாபு, கல்லூரியில் தத்துவம் நடத்தி ஓய்வு பெற்றவர். நேரடி அனுபவத்தைப் பற்றி மூன்று புத்தகம் எழுதியிருந்தார். மூன்றும் வேறு புத்தகங்களைப் படித்து எழுதியவை. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, யாருக்காவது தரிசனம் கிடைத்திருந்தால் சபைக்கு முன்னால் வந்து சொல்லலாம். வெளிச்சம் பார்த்தவர்களுக்கு ஒரு காவிச் சால்வை. மணியோசையும் கேட்டிருந்தால் சால்வைக்குச் சிவப்புக் கரை. பாபாவையே உருவத்தோடு பார்த்தவர்களுக்கு மஞ்சள் கரை. கடவுளில் கரைந்தே போனவர்களுக்குப் பச்சைக் கரை. கரைந்து போனவர் சால்வை வாங்கிக்கொள்ளத் திரும்பி வந்தது எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

அப்படிச் சால்வை வாங்கியவர்கள் பன்னிரண்டு பேர். தரகரின் மனைவி அதசி தேவி வியாழக்கிழமைதோறும் பாபாவைப் பார்த்தாள். கொல்கத்தாவில் கல்யாணம், காதுகுத்து என்று ஏதாவது இருக்கும் வியாழக்கிழமைகளில் மட்டும் பாபா வருவதில்லை. பபதோஷ் பாபு பச்சைக் கரை. ஆசிரமக் காரியதரிசி நந்ததுலால் பல வருடம் வெறும் சால்வையில் கிடந்துவிட்டு, போன மழைக்காலத்தில்தான் மணியோசைக்கு உயர்ந்திருந்தான். அன்றைக்கு ரயில்வே கேட் மூடும் மணி அடித்துக்கொண்டிருந்ததாக, சமையலறையில் கூட வேலை செய்யும் மொய்னா சொன்னாள்.

பங்கஜினிக்குச் சால்வை கிடையாது. முப்பது வயதில் விதவையாகி வந்தவள், இருபத்திரண்டு வருடமாக இங்கே சமைக்கிறாள், பாபா போனதிலிருந்து அவருக்கு நைவேத்தியமும். ஒரு தடவைகூட ஒரு வெளிச்சமும் பார்த்ததில்லை. அடுப்பைத் தவிர.

சித்திரை பிறந்ததும் ஒரு புது விதி வந்தது. ஆற்றோரத்தில் இருக்கும் ஆறு அறைகளில் இனிமேல் அனுபூதி பெற்றவர்கள் மட்டும்தான் நிரந்தரமாகத் தங்கலாம். சமையலறையை ஒட்டிய பங்கஜினியின் அறையும் அந்த ஆறில் ஒன்று. பாபாவின் உற்சவம் முடிந்த மறுநாள் அவள் அறையைக் காலி செய்ய வேண்டும். இதை நந்ததுலால் அவளிடம் நேரில் சொல்லாமல், சமையலறைக் கதவில் ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தான்.

காலி செய்தால் அவளுக்கு இருக்கும் ஒரே இடம் கிருஷ்ணநகரில் கொழுந்தன் வீடு. புருஷன் செத்த வருடம் அங்கே ஏழு மாதம் இருந்திருக்கிறாள். பின்கட்டில், மாட்டுக்கும் விறகுக்கும் நடுவில் ஒரு பாய். ஓரகத்தி சோறு போடும்போது தட்டைத் தரையில் வைக்க மாட்டாள், தள்ளுவாள். அது கல்தரையில் உராயும் சத்தம் பங்கஜினிக்கு இன்னும் காதில் இருந்தது.

மொய்னாவுக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. அவள் பாத்திரம் தேய்க்கிறவள், துறைக்குப் பக்கத்தில் சணல்குச்சிச் சுவர் வைத்த குடிசையில் இருப்பவள், நாக்குக்கு எலும்பில்லாதவள், பங்கஜினியை அக்கா முறையில் தீதி என்று கூப்பிடுகிறவள்.

"ஒரு வெளிச்சம் பார்த்தேன்னு சொல்லிட்டுப் போயேன் தீதி. யாரு வந்து அளக்கப் போறா? அந்தத் தரகர் பெண்டாட்டி பார்க்கலையா?"

"நான் பார்க்கலையே."

"அவ மட்டும் பார்த்தாளாக்கும். உனக்கு வேணும்னா நான் சாட்சி சொல்றேன். ஆமா பாபு, அன்னிக்கு தீதி மூஞ்சி பளபளன்னு இருந்துச்சு, நான்தான் எண்ணெய்னு நெனச்சுட்டேன்னு."

பங்கஜினி சிரித்துவிட்டாள். ஆனால் அதற்கு அடுத்த சில நாட்கள், மத்தியான வேலை முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணை மூடி உட்கார்ந்து பார்த்தாள். பொய் சொல்வதைவிட உண்மையிலேயே எதையாவது பார்த்துவிட்டால் தேவலையே. முதல் நாள், ஊறவைத்த பருப்பைப் பூனை கவிழ்த்திருக்குமோ என்ற கவலை வந்தது. இரண்டாம் நாள் தூங்கிப்போனாள். மூன்றாம் நாள் முழங்கால் பிடித்துக்கொண்டு, மொய்னா வந்து தூக்கிவிட வேண்டியிருந்தது.

பாபாவிடம் அவள் பேசியது மொத்தத்தில் ஒரே ஒரு தடவை. வந்த புதிதில், மற்றவர்கள் சொல்வதைப் பார்த்து அவளும் அவர் காலில் விழுந்து, உங்களைக் கடவுளாகவே பார்க்கிறேன் என்றாள். அவர் பொரியைக் கொறித்துக்கொண்டே, நிஜமாகவே அப்படியா தெரிகிறது என்று கேட்டார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பயத்தில் உண்மை வந்துவிட்டது. இல்லை, தாடியில் பொரி ஒட்டியிருப்பதுதான் தெரிகிறது என்றாள். பாபா வயிறு குலுங்கச் சிரித்தார். தாடியைத் தட்டிவிட்டு, இந்தத் துறையில் கண்ணுள்ள ஆள் ஒன்று வந்திருக்கிறது என்று படகில் இருந்தவர்களிடம் சொன்னார். இதைச் சபையில் சொன்னால் எந்தக் கரை கொடுப்பார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. பொரிக்குக் கரை ஏதும் வைத்ததாகக் கேள்வியில்லை.

உற்சவத்தன்று விடியற்காலையிலிருந்து சமையல். ஊர்க்கூட்டத்துக்கு முற்றத்தில் கிச்சடி, காய்கறிக் கூட்டு, பொரித்த கத்தரிக்காய். பாயசம் மட்டும் தனி. வாசனையான கோவிந்தபோக் அரிசி போட்டு, பாலைச் சுண்டக் காய்ச்சி, ஒரே ஒரு வெண்கலப் பானையில் அளவாக வைப்பது. அது பாபாவுக்கும், அவருக்கு அடுத்தபடியாக அந்தப் பன்னிரண்டு பேருக்கும் மட்டும். இறைவனை ருசித்தவர்களுக்குத்தான் பாயசத்தின் ருசி தெரியும் என்பது சபையின் எண்ணம்.

நைவேத்தியம் சமைக்கிறவள் ருசி பார்க்கக் கூடாது. முகர்ந்தும் பார்க்கக் கூடாது. கடவுளுக்கு முன்னால் மனுஷ மூச்சு அதில் பட்டுவிடக் கூடாது என்று மூக்கையும் வாயையும் சேர்த்து ஒரு துணியால் கட்டிக்கொள்ள வேண்டும். பாபா போன பதினான்கு வருடமாகப் பங்கஜினி நைவேத்தியத்தைக் கையையும் கண்ணையும் மட்டும் வைத்துச் சமைத்தாள். பால் எந்த நிறத்துக்கு வந்தால் போதும், சீனிக்கு எத்தனை பித்தளைச் சொம்பு, கை தானே செய்யும். சீனி இடதுபக்கம், உப்பு வலதுபக்கம்.

உற்சவத்துக்காகச் சமையலறைக்கு வெள்ளையடித்திருந்தார்கள். அதசி தேவி இரண்டு புது எவர்சில்வர் டிரம் வாங்கி அனுப்பியிருந்தாள், அச்சாக ஒரே மாதிரி. கூடவே கொல்கத்தாவிலிருந்து புது மாதிரி உப்பு, சீனி போலவே மணிமணியாக, வெள்ளை வெளேரென்று. வெள்ளையடித்த ஆட்கள் டிரம்களைத் திருப்பி வைக்கும்போது இடம் மாற்றி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அடுப்படியில் வைத்திருந்த டப்பாச் சீனி பாதியிலேயே தீர்ந்தது. பங்கஜினி புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு இடதுபக்கம் கையை நீட்டி, இன்னும் இரண்டு சொம்பு போட்டுக் கிளறினாள்.

பானை பாபாவின் அறைக்குப் போனது. அவருடைய துடுப்புக்கும் பாதக்குறட்டுக்கும் முன்னால் வைத்து, கதவைச் சாத்தி, மணி அடித்து, கால் மணி நேரம் கழித்துத் திறந்தார்கள். பாபா ஒன்றும் சொல்லவில்லை.

அதற்குள் மண்டபத்தில் பபதோஷ் பாபுவின் சொற்பொழிவு முடியும் தறுவாயில் இருந்தது. சர்க்கரையைப் பற்றி ஆயிரம் புத்தகம் படித்தாலும் இனிப்பு தெரியாது, நாக்கில் வைத்தவனுக்குத்தான் தெரியும், நாமெல்லாம் நாக்கில் வைத்தவர்கள் என்றார். பன்னிரண்டு பேரும் முதல் வரிசையில் சால்வையோடு தலையாட்டினார்கள். வைகாசி வெயிலில் கம்பளிச் சால்வை. வேர்த்துக் கொட்டினாலும் ஒருவரும் கழற்றவில்லை, கழற்றினால் கரை தெரியாது.

பங்கஜினி சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெண்கலக் கிண்ணங்களில் பாயசம் வந்தது. பன்னிரண்டு பேரும் ஒரே நேரத்தில் முதல் வாயைப் போட்டுக்கொண்டார்கள். பன்னிரண்டு முகமும் ஒரே நேரத்தில் நின்றுபோயின. சூடு அதிகமோ என்று நினைத்தாள். ஒவ்வொருவரும் ஓரக்கண்ணால் பக்கத்து ஆளைப் பார்த்தார்கள். பக்கத்து ஆள் விழுங்கிவிட்டிருந்தார், அதனால் இவர்களும் விழுங்கினார்கள். பபதோஷ் பாபுவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"இது இந்த உலகத்து ருசி இல்லை" என்றார்.

அந்த ஒரு வார்த்தைக்காகவே காத்திருந்தது போல மற்றவர்களும் ஆரம்பித்தார்கள். ஒருவருக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஒருவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இது இனிப்புக்கு அப்பாலே இருக்கிற இனிப்பு என்றாள் அதசி தேவி. சொல்லிக்கொண்டே கிண்ணத்தைத் தள்ளி வைத்ததைப் பங்கஜினி கவனிக்கவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் முதல் முறையாக அவள் சமையலை ஒருவர் வாய்விட்டுப் பாராட்டுகிறார். மூக்குத்துணியை அவிழ்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பின்னால் 'த்தூ' என்று ஒரு சத்தம் கேட்டது. மண்டபத்திலிருந்து திரும்பிய பானையின் கரண்டியை மொய்னா வழித்து வாயில் வைத்திருந்தாள்.

"தீதி, பாபா மேல உனக்கு என்ன கோபம்?"

பங்கஜினி கரண்டியை வாங்கி நாக்கில் வைத்தாள். கடல் தண்ணீரில் சர்க்கரையைக் கரைத்தது போல இருந்தது. டிரம்மைப் போய்த் திறந்து பார்த்தாள். இடதுபக்கத்து டிரம்மில் இருந்தது உப்பு. சத்தம் போடாமல் பானையை ஆற்றில் கவிழ்த்துவிடலாம், நல்லது என்று சொன்னவர்கள் இனிமேல் மாற்றிப் பேசவா போகிறார்கள் என்று மொய்னா ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே நந்ததுலால் வந்து, தலைவர் கூப்பிடுகிறார் என்றான். இதுவரை அவளை 'ஏய்' என்று கூப்பிட்டவன், இப்போது 'மா' என்றான்.

மண்டபத்தில் அவளை முதல் வரிசைக்கு முன்னால் நிறுத்தினார்கள். கிச்சடி சாப்பிட்டுக்கொண்டிருந்த ஊர்ஜனங்கள் கையும் தட்டுமாக வாசலில் வந்து எட்டிப் பார்த்தார்கள். பபதோஷ் பாபு எழுந்து நின்றார். பாபா இன்று ஓர் எளிய பெண்ணின் கை வழியாக இறங்கி வந்திருக்கிறார், இப்படி ஒரு ருசி மனுஷக் கையால் வராது என்றார். நந்ததுலாலிடம் கையை நீட்டி ஒரு சாவியை வாங்கினார். அவள் அறையின் சாவிதான். ஆயுசு முழுக்க அது இனி அவளுடையது என்றார். சபைக்காக அவள் ஒன்றே ஒன்று மட்டும் சொல்ல வேண்டும்.

"சமைக்கும்போது என்ன பார்த்தே, மா? பயப்படாம சொல்லு."

சாவி ஒரு முழத் தூரத்தில் இருந்தது. பங்கஜினிக்கு மாட்டின் மணம் வந்தது, தட்டு உராயும் சத்தம் கேட்டது. 'வெளிச்சம்' என்று ஒரு சொல், அவ்வளவுதான். அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் நாக்கில் ஏற்கெனவே வேறொன்று இருந்தது, இன்னும் கரித்துக்கொண்டு.

"உப்பு, பாபு" என்றாள். "டிரம்மு மாறிப்போச்சு. சீனிக்குப் பதிலா ரெண்டு சொம்பு உப்பைப் போட்டுட்டேன். தப்பு என்னோடதுதான்."

பன்னிரண்டு பேரும் அவரவர் கிண்ணத்தைப் பார்த்தார்கள். பிறகு அதசி தேவி கையைக் கூப்பினாள். "என்ன அடக்கம் பாருங்க. எனக்கு முதல் வாயிலேயே தெரிஞ்சுபோச்சு, அது பாபாவோட கண்ணீர்."

பபதோஷ் பாபு அதைப் பிடித்துக்கொண்டார். உண்மையாகப் பார்த்தவர்கள் பார்த்தேன் என்று சொல்ல மாட்டார்கள், இப்படித்தான் எதையாவது சொல்லி மறைப்பார்கள் என்றார். தாம் பச்சைக் கரையை மறைக்காமல் தோளில் போட்டிருப்பது அவருக்கு நினைவு இருந்ததாகத் தெரியவில்லை. நந்ததுலால் சாவியை அவரிடமிருந்து வாங்கி அவள் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிட்டான். எல்லோரும் கை தட்டினார்கள்.

இப்போது அறை அவளுக்குக் கிடைத்துவிட்டது. பொய்யும் சொல்லவில்லை. பேசாமல் திரும்பிப் போயிருக்கலாம், ஒருவரும் குறை சொல்ல முடியாது. சமையலறை வாசல் வரைக்கும் போனாள் என்பதும் உண்மைதான். ஆனால் போகப் போக நெஞ்சு எரிந்தது. இந்த ஆசிரமத்தில் அவள் தானே கண்டு, தானே ருசித்து, நாலு பேர் முன்னால் சொன்னது ஒன்றே ஒன்று. அந்த உப்பையும் அவளிடமிருந்து பிடுங்கி, கண்ணீர் என்று பெயர் வைத்து, சால்வை போர்த்தி உட்கார வைத்துவிட்டார்கள்.

பானையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். கிண்ணத்துக்கு ஒரு கரண்டிதான் போயிருந்தது, முக்கால் பானை அப்படியே இருந்தது.

"இன்னும் இருக்கு" என்றாள். "பிரசாதத்தை மிச்சம் வைக்கக் கூடாதுன்னு சுவத்துலயே எழுதியிருக்கு."

எழுதித்தான் இருந்தது, பபதோஷ் பாபுவின் கையெழுத்திலேயே. பங்கஜினி வரிசையின் கடைசியிலிருந்து ஆரம்பித்தாள். முதல் ஆளுக்கு மத்தியானத்துக்கு மேல் விரதம் என்று அப்போதுதான் நினைவு வந்தது. இரண்டாவது ஆள் மருமகளுக்கு எடுத்துப் போகிறேன் என்று கிண்ணத்தை மூடினார். அவருக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று வாசலில் யாரோ சொன்னார்கள். அதசி தேவிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. நந்ததுலால் பந்தலைப் பார்க்கப் போய்விட்டான். இப்படியே பதினொரு பேரும் கழன்றுகொள்ள, பச்சைக் கரை ஒன்றுதான் மிச்சம். அவர் கிண்ணத்தில் பங்கஜினி கரண்டி கரண்டியாக ஊற்றினாள், விளிம்பு வரைக்கும்.

வாசலில் ஊரே நின்றது. மொய்னா எல்லோருக்கும் முன்னால், ஈரக் கையோடு. பபதோஷ் பாபு கிண்ணத்தைத் தூக்கினார். உதடு வரைக்கும் கொண்டுபோனார். கீழே வைத்தார். மறுபடி தூக்கினார். நெற்றியிலிருந்து வேர்வை பாயசத்திலேயே சொட்டியது.

"முடியாது மா" என்றார், கிட்டத்தட்ட அழுகிற குரலில். "எனக்கு பிரஷர் இருக்கு. உப்பைத் தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

சொன்ன பிறகுதான் சொன்னது என்ன என்று அவருக்கே காதில் விழுந்தது. வாசலில் முதலில் சிரித்தது மொய்னா. அப்புறம் யார் சிரிக்கவில்லை என்று சொல்வதுதான் கஷ்டம்.

பங்கஜினி கிண்ணத்தை அவர் முன்னாலிருந்து எடுத்துவிட்டாள்.

"இருபத்திரண்டு வருஷமா இங்க இருக்கேன் பாபு. நீங்க உணர்ந்ததைச் சொல்லி இன்னிக்குத்தான் கேக்கறேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவளைப் பார்க்காமலேயே கையை நீட்டினார். அவள் சாவியைக் கொடுத்துவிட்டாள்.

மறுநாள் காலை அறை காலியானது. ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு பாய். கிருஷ்ணநகர் பஸ் ஏற வேண்டியவளை மொய்னா விடவில்லை. என் குடிசையில் மாடு கிடையாது, புருஷனும் கிடையாது, படுத்துக்கொள் என்றாள். ஒரு வாரத்தில் துறையோரம் இருக்கும் சோற்றுக் கடையில் சமையல் வேலை கிடைத்தது. உப்புப் பாயசம் வைத்தவளையா சேர்க்கிறாய் என்று கடைக்காரனைக் கேலி செய்தார்கள். உப்பு என்று சொன்னவளைச் சேர்க்கிறேன் என்றான் அவன்.

ஆசிரமம் ஒன்றும் மூடிவிடவில்லை. பபதோஷ் பாபு இரண்டு மாதம் ஊருக்குப் போய்விட்டு நாலாவது புத்தகத்தோடு திரும்பினார். பக்தனைச் சோதிக்கக் கடவுள் எப்படியெல்லாம் ருசி மாற்றுகிறார் என்பது பற்றி. உற்சவ தினத்தன்று நடந்ததற்குச் சபையில் ஒரு புதுக் கரைகூட ஏற்படுத்தினார்கள், வெள்ளை நிறத்தில். அதை முதலில் வாங்கியவள் அதசி தேவி.

ஒரு நாள் அக்கரைப் படகுக்குக் காத்திருந்த நேரத்தில் நந்ததுலால் அந்தச் சோற்றுக் கடைக்குள் நுழைந்தான். உள்ளே யார் சமைக்கிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. சால்வையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு உட்கார்ந்தான். சோறும் பருப்பும் வந்தன. ஒரு வாய் வைத்ததும் முகத்தைச் சுளித்தான்.

"யாருப்பா சமைச்சது? பருப்புல உப்பு தூக்கலா இருக்கு."

அடுப்படியில் பங்கஜினி அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டாள். சிரிப்பு வந்தது. ரயில்வே மணியைத் தெய்வ மணியாகக் கேட்ட காதுக்குக் கீழே இப்படி ஒரு நல்ல நாக்கு இருந்திருக்கிறது. காசு கொடுத்துச் சாப்பிடும் இடத்தில்தான் அது வேலை செய்யும் போலிருக்கிறது.

மூக்கில் துணி இல்லை. கரண்டியை எடுத்து, ஊதி, நாக்கில் வைத்துப் பார்த்தாள். நிஜமாகவே ஒரு சிட்டிகை தூக்கல்தான். கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றிக் கிளறி, இன்னொரு தடவை ருசி பார்த்துவிட்டு, அவனுக்கு வேறு பருப்பு அனுப்பினாள்.